பாலைவன அரண்மனையில் ஓர் இரவு

கேள்வி: மாமனாருக்கு எழுபது வயதுக்கான பீமரத சாந்தி முடிந்த கையோடு, ஜனவரியில் குடும்பத்தோடு ராஜஸ்தான் போகிறோம். ஜோத்பூரில் உமைத் பவன் அரண்மனையில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அவ்வளவு கொடுக்கலாமா? - வாசகி, நன்னிலம்

பதில்: அரண்மனையில் கட்டாயம் தங்குங்கள் அம்மா. அது உமைத் பவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அங்கே ஒரு பகுதியில் அரச குடும்பம் குடியிருக்கிறது, ஒரு பகுதி தாஜ் ஹோட்டல், இன்னொன்று மியூசியம். மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்தால் மாளிகையின் அழகைப் பார்த்துவிடலாம்.

அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தவன் நான், எந்தக் கட்டடத்திலும் என் கண் முதலில் இணைப்புக்குத்தான் போகும். அங்கே மணற்கல்லை ஒன்றையொன்று கவ்வுகிற மாதிரி செதுக்கி, காரை இல்லாமலே கோத்திருக்கிறார்கள். இடுக்கில் நகத்தை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. 1920களில் மார்வாரில், அதாவது ஜோத்பூர் சீமையில், மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. சனங்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கட்டும் என்று மகாராஜா உமைத் சிங் 1929இல் இதற்கு அஸ்திவாரம் போட்டார். 347 அறைகள், முடிய 1943 ஆனது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12இல் திறக்காத வருஷங்களில் நம் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டு அடுப்பு என்ன பாடு படும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சுவரைத் தொட்டபோது ராஜாவைவிட, கல் சுமந்தவர்கள்தான் மனசில் நின்றார்கள். மாமனாரிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சரி, எங்கே தங்குவது? ஜாகீர்கள் என்கிற பிரபுக்களின் நிலமானியங்கள் 1950களில் போய், முன்னாள் மன்னர்களுக்கு அரசாங்கம் கொடுத்த மானியமும் 1971இல் நின்றபின், பராமரிக்க வழியில்லாமல் பல கோட்டைகள் ஹோட்டலாக மாறின. ஜோத்பூருக்கும் நாகௌருக்கும் நடுவே கிம்சர் கோட்டை அப்படி ஒன்று. 1523இல் எழும்பியது, பக்கத்திலேயே மணல் மேடு.

எந்தக் கோட்டையானாலும் முன்பணம் கட்டுமுன், கொடுக்கப்போவது பழைய கட்டடத்து அறையா, வளாகத்துக்குள் புதிதாகக் கட்டியதா என்று கேளுங்கள். ஓர் ஊரில் எனக்குக் கோட்டை வாடகை வாங்கிக்கொண்டு, பின்பக்கம் கான்கிரீட் அறையைத் தந்தார்கள். அப்புறம், லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். பழைய படிகள் உயரம் அதிகம், ஒரே அளவாகவும் இருக்காது. மூட்டுவலிக்காரர்களுக்குக் கீழ்த்தள அறையே நல்லது. ஜனவரி ராத்திரியில் அங்கே குளிர் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். வெயிலைத் தடுக்கிற அதே கனத்த கல்சுவர் அப்போது ஐஸ்கட்டி மாதிரி சில்லிடும். ஹீட்டர், கம்பளி எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மதியமே போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை நிதானமாகக் கிளம்புங்கள். இருட்டிய பிறகு போய்ப் படுத்து விடிந்ததும் ஓடினால் கொடுத்த காசு வீண். மன்னார்குடியிலிருந்தே வாரம் ஒரு ரயில் ஜோத்பூரின் பகத் கி கோத்தி நிலையத்துக்குப் போகிறது, பெரியவர்களுக்கு அதுதான் சௌகரியம்.

கேள்வி: அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு? - வாசகர், குத்தாலம்

பதில்: தரங்கம்பாடி இருக்கிறதே! ராஜஸ்தானில் 15ஆம் நூற்றாண்டு நீம்ரானா கோட்டையைச் சீர்செய்து ஹோட்டலாக்கிய அதே நிறுவனம், இங்கே பழைய கலெக்டர் பங்களாவையும் அப்படி மாற்றியது. வராந்தாவில் உட்கார்ந்தால் எதிரே கடல். பக்கத்திலேயே டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை. சனி, ஞாயிறு கூட்டமாக இருக்கும். வாரநாளில் போங்கள்.