மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பெரிய ஆறுகள் ஏன் கிழக்கே ஓடுகின்றன?

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதி, இமயமலை போல நிலம் மடிந்து எழுந்த மலை அல்ல; தக்காணப் பீடபூமியின் மேற்கு விளிம்புதான். மடகாஸ்கரும் பிறகு சீசெல்ஸும் இந்தியாவிலிருந்து பிரிந்து விலகியபோது மேற்கு ஓரம் முறிந்து செங்குத்தான சரிவானது. பீடபூமியோ கிழக்கே மெல்லச் சாய்ந்து கிடக்கிறது.

மொட்டைமாடியில் தண்ணீர் போகும் குழாயை ஒரு மூலையில் வைத்து, தளத்தை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டுவார்கள். எதிர்ச்சுவரை ஒட்டி விழும் மழையும் தளம் முழுக்க ஓடித்தான் வெளியேறும். கோதாவரியின் கதையும் அதுதான். நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறக்கிறது. அரபிக்கடல் அங்கிருந்து சுமார் 80 கி.மீ. ஆனாலும் 1,465 கி.மீ. ஓடி வங்கக்கடலில்தான் கலக்கிறது. மேற்கே இறங்குபவை பெரும்பாலும் குட்டையான, வேகமான ஆறுகள். கர்நாடகத்தின் ஷராவதி ஆறு ஜோக் அருவியில் 253 மீட்டர் விழுவது இதனால்தான்.

பாறை எங்கும் ஒன்றல்ல. மகாராஷ்டிரப் பகுதியில் சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக. கோவாவுக்குத் தெற்கே அதைவிட மிகப் பழைய கருங்கல் வகைகள். நீலகிரிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

உயரமாக இருப்பதால் இமயமலைதான் பழையது என்று பலர் நினைக்கிறார்கள். அது எழத் தொடங்கியே சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன.