நைரோபியில் மட்டாட்டு ஏறுவது எப்படி?

"நைரோபி வந்து ஒரு மாதமாகிறது. மட்டாட்டு என்கிற தனியார் வேனுக்கு நேர அட்டவணை கிடையாது, கட்டணம் காலையில் ஒன்று, மழை வந்தால் இரட்டிப்பு. நகர நிர்வாகம் ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

கட்டணத்தின் கணக்கு இதுதான். டிரைவரும் கண்டக்டரும் வண்டி முதலாளிக்குத் தினமும் ஒரு தொகை கட்டியாக வேண்டும். டீசலும் போக மிஞ்சுவதுதான் அவர்கள் கூலி. அதனால்தான் சீட் நிரம்பாமல் ஸ்டேஜை, அதாவது வண்டி நிற்கும் இடத்தை, விட்டுக் கிளம்ப மாட்டார்கள். மழையில் சாலை அடைத்துக்கொண்டால் ட்ரிப் குறையும், கட்டணம் ஏறும்.

ஏறும் முன் ஸ்வாஹிலியில் "பெய் ங்காப்பி?" (என்ன விலை?) என்று கேளுங்கள். ஏறிய பிறகு பேரம் நடக்காது. 50, 100 ஷில்லிங் தாள்களாக வைத்திருங்கள். 1000 நீட்டினால் மீதி வர இறங்கும் நேரமாகிவிடும். ஜன்னல் ஓர சீட்டில் போனை எடுக்காதீர்கள், நெரிசலில் நிற்கும்போது வெளியிலிருந்து பறித்துவிடுவார்கள். புறநகரான ங்கோங் போக 111-ஆம் நம்பர் வண்டி, ரோங்காய் போக 125, இரண்டுமே ரயில் நிலையத்தை ஒட்டிய ரயில்வேஸ் ஸ்டேஜ் பக்கம் கிடைக்கும். வண்டிப் பக்கவாட்டில் சாக்கோ பெயர் எழுதியிருக்கும். சாக்கோ என்றால் முதலாளிகளின் கூட்டுறவுச் சங்கம். அதையும் நம்பர் பிளேட்டையும் பார்த்து வையுங்கள். பை மறந்துவிட்டால் தேடிப்போக வேறு வழி கிடையாது.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. 2004-ல் கென்யா அரசு சீட் பெல்ட், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மஞ்சள் பட்டை எல்லாம் கட்டாயமாக்கினார்கள். 2018 டிசம்பரில் நகர நிர்வாகம் மட்டாட்டு நகர மையத்துக்குள்ளேயே வரக்கூடாது என்றார்கள். ஓரிரு நாளில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கிழக்கிலிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவர் வண்டி மாறுவதே மையத்தில்தான். வெளியே இறக்கிவிட்டால் குழந்தையும் மூட்டையுமாக நடக்க வேண்டும். மக்கள் இப்படி வண்டி மாறிப் போவதை யாரும் கணக்கில் எடுக்காமல் போட்ட உத்தரவு அது. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

சரியாக நடந்தது வேறொன்று. நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள், அமெரிக்காவின் கொலம்பியா, எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கையில் போனோடு வண்டிகளில் ஏறி ஒவ்வொரு ஸ்டேஜையும் பதிவு செய்தார்கள். 130-க்கும் மேற்பட்ட தடங்கள் கொண்ட வரைபடம் 2014-ல் வந்தது, அடுத்த ஆண்டு கூகுள் மேப்ஸிலும் சேர்ந்தது. தடத்தையும் ஸ்டேஜையும் அதில் பார்த்துக்கொள்ளலாம். தடம் அவ்வப்போது மாறும். ஸ்டேஜில் நிற்கும் ஆளிடம் ஒருமுறை கேட்டுவிட்டே ஏறுங்கள்.