கூட்டத்துக்குள் நின்று எழுதியவர்: கிலியரோவ்ஸ்கி பற்றிக் கேள்வி பதில்

செகாவையும் கார்க்கியையும் தமிழில் படித்து வளர்ந்தவர்கள்கூட விளாதிமிர் கிலியரோவ்ஸ்கி என்ற பெயரைக் கேட்டதில்லை என்று பலர் எழுதியிருந்தீர்கள். மாஸ்கோ நகரத்தின் மகத்தான செய்தியாளர் அவர். கேள்வி அனுப்பியவர்களுக்கு நன்றி. கேள்விகளுக்குப் போய்விடுகிறேன்.

மதுரை வாசகர்: இதழியலுக்கு வருமுன் அவர் கூலி வேலை செய்தார் என்பது உண்மையா?

உண்மைதான். வட ரஷ்யாவின் வோலக்தா மாகாணத்தில் பிறந்தவர். 1871இல், பள்ளித் தேர்வில் தவறியதும் வீட்டை விட்டு ஓடிப்போனார். அடுத்த பத்தாண்டுகளில் வோல்கா ஆற்றில் கயிறு கட்டிப் படகு இழுத்தார், மூட்டை தூக்கினார், ஈய வெள்ளைச் சாயம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார், சர்க்கஸில் குதிரை ஏறினார், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் நடித்தார். 1877இல் துருக்கியோடு போர் மூண்டபோது தானே முன்வந்து படையில் சேர்ந்தார். காக்கசஸ் முனையில் போரிட்டு வீரப் பதக்கமும் பெற்றார். பேனா பிடிக்கும் முன்பே அந்தக் கைகள் காய்த்துப்போயிருந்தன. அவருக்குக் கிடைத்த இதழியல் படிப்பு அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

திருச்சி, இதழியல் மாணவி: ஐயா, அவர் பெயர் வாங்கிய முதல் செய்தி எது?

1882ஆம் ஆண்டு இரண்டு செய்திகள், அம்மா. முதலாவது, ஒரேகவோ-சூயவோவில் இருந்த மொரோசவ் பஞ்சாலைத் தீ விபத்து. தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் எரிந்து உயிர்கள் போயின. நிர்வாகம் வாயே திறக்கவில்லை. இவர் கிழிந்த உடை மாட்டிக்கொண்டு, வேலை தேடி வந்தவராக ஆட்களோடு வரிசையில் நின்றார். குறிப்பேட்டோடு போயிருந்தால் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்றவர்கள் நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டித் தீர்த்தார்கள். ‘மாஸ்கோவ்ஸ்கி லிஸ்தோக்’ நாளிதழில் செய்தி வந்ததும் மாஸ்கோ தலைமை ஆளுநர் கொதித்துப்போனார். ஆனால் எழுதியது யார் என்று ஆசிரியர் பஸ்துஹோவ் சொல்லவே இல்லை. செய்தியாளருக்கு அரணாக நிற்கும் ஆசிரியர் கிடைப்பது பாதி பலம்.

சில வாரங்களில் குகுயெவ்கா ரயில் விபத்து. மாஸ்கோ–கூர்ஸ்க் பாதையில், கொட்டும் மழையில் மண்கரை அரித்துக்கொண்டு போக, இரவு ரயிலின் பெட்டிகள் சேற்றுப் பள்ளத்தில் புதைந்தன. நாவலாசிரியர் துர்கேனிவின் உறவினரான ஓர் இளைஞரும் அதில் இறந்தார். சுற்றிலும் படைவீரர்களின் காவல், பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. கிலியரோவ்ஸ்கி அதிகாரிகள் போன ரயிலிலேயே ஒளிந்து போய்ச் சேர்ந்தார். உடல்களைத் தோண்டி எடுக்க எடுக்க, ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கிருந்தே எழுதி அனுப்பினார். அந்த நாற்றத்தின் நினைவு நெடுநாள் தன்னை விடவில்லை என்று பிற்காலத்தில் எழுதினார்.

சேலம் வாசகர்: ஹோதின்கா பற்றிச் சொல்லுங்கள்.

ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கலாயின் முடிசூட்டு விழாவை ஒட்டி, 1896 மே 18 அன்று (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி) மாஸ்கோவின் ஹோதின்கா மைதானத்தில் மக்களுக்கு இலவசப் பரிசு தருவதாக அறிவித்தார்கள். ஒரு கைக்குட்டையில் கட்டிய ரொட்டி, கொத்திறைச்சித் துண்டு, தின்பண்டம், மன்னர் முத்திரை பொறித்த எனாமல் குவளை, அவ்வளவுதான். அதற்காக லட்சக்கணக்கானவர்கள் முந்தின இரவே வந்து குவிந்தார்கள். அந்த இடமோ ராணுவப் பயிற்சித் திடல். பதுங்குகுழிகள், மண் வெட்டிய பள்ளங்கள், பலகை போட்டு மூடிய பழைய கிணறுகள். பரிசுக் கூடங்களுக்கு நடுவே போக விட்டிருந்த வழிகளும் குறுகியவை.

செய்தியாளர்களுக்குத் தனி மேடை இருந்தது. கிலியரோவ்ஸ்கி கூட்டத்துக்குள் போனார். நெரிசல் இறுகி, கை தூக்க முடியாமல், மூச்சுக்குத் தவித்து, கடைசியில் தன் உடல் வலிமையால் நெக்கித் தள்ளி வெளியே வந்தார். இறந்தவர்கள் 1,389 பேர் என்பது அரசுக் கணக்கு. அன்றிரவு பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்கு மன்னர் போனார்.

கிலியரோவ்ஸ்கி எழுதியதை ‘ரூஸ்கியே வேதமஸ்தி’ நாளிதழ் இரண்டு நாளில் வெளியிட்டது. அந்த இதழை முதலில் தடுத்து வைத்துப் பிறகு விட்டார்கள். குழி எங்கே, கிணறு எங்கே, வழி எவ்வளவு குறுகல், கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இடத்தை அளந்து காட்டுவது போல எழுதியிருப்பார். புலம்பல் கிடையாது. பழி யார் மேல் என்பது படிப்பவருக்குத் தானே விளங்கும். பரிசுக்கு ஆசைப்பட்டு மக்கள் முண்டியடித்தார்கள் என்று பேசி முடித்துவிட, அந்தக் குழிகளின் விவரம் இடம் தரவில்லை. இதற்காகவே அவரை மதிக்கிறேன்.

ஈரோடு வாசகி: அவர் புத்தகத்தை எரித்தார்களாமே?

ஆமாம், ‘சேரி மனிதர்கள்’ என்ற முதல் நூல். அச்சாகி வந்த 1887இலேயே பறிமுதல் செய்து, படிகளைத் தீயில் போட்டார்கள். அதிலிருந்த சித்திரங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பத்திரிகைகளில் தனித்தனியாக வந்தவை. தனித்தனியாக வந்தபோது பொறுத்த தணிக்கை, அவை ஒரே தொகுப்பாகச் சேர்ந்ததும் அஞ்சியது.

சென்னை வாசகர்: செகாவோடு பழக்கம் உண்டா?

நெருங்கிய நண்பர்கள். கார்க்கியின் ‘அடித்தளத்தில்’ நாடகத்தை 1902இல் மேடையேற்றும் முன், நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் குழுவினரை மாஸ்கோவின் ஹித்ரோவ்கா சேரியில் இருந்த இரவு விடுதிகளுக்கு அழைத்துப் போனவரும் இவர்தான். திருடர்களும் நாடோடிகளும் அடைந்திருந்த அந்த இடத்தில் அவரை எல்லாருக்கும் தெரியும். ஓவியர் ரேப்பினின் புகழ்பெற்ற கசாக்குகள் ஓவியத்தில் சிரிக்கும் ஒருவருக்கு இவர் முகச் சாயல் உண்டு.

தஞ்சை வாசகர்: அவர் சொன்னதையெல்லாம் நம்பலாமா?

எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த ஆண்டு 1853 என்று அவர் சொல்லிவந்தார். தேவாலயப் பதிவேட்டில் 1855. முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் கதை சொல்லும் ஆர்வம் மேலோங்கும். களத்திலிருந்து உடனுக்குடன் எழுதிய செய்திகளையே நான் அதிகம் நம்புகிறேன்.

நெல்லை வாசகர்: புரட்சிக்குப் பிறகு என்ன ஆனார்? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

அவர் எழுதிவந்த பத்திரிகைகள் மூடப்பட்டன. புத்தகங்களுக்குத் திரும்பினார். ‘மாஸ்கோவும் மாஸ்கோவாசிகளும்’ 1926இல் வந்தது, ‘என் அலைச்சல்கள்’ 1928இல். கடைசி ஆண்டுகளில் பார்வை பெரிதும் போன பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1935இல் மாஸ்கோவில் இறந்தார்.

‘மாஸ்கோவும் மாஸ்கோவாசிகளும்’ நூலில் ஹித்ரோவ்கா பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். பிறகு, பூமிக்கடியில் ஓடும் நெக்லின்கா ஆற்றின் சாக்கடைக்குள் அவர் இறங்கிய பகுதி. உணவகங்கள் பற்றிய நீண்ட அத்தியாயங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.