மொடல் கார்ப் பெட்டி வாங்குவோர் கேட்டவை

கேள்வி: 1/24 அளவில் ஜாகுவார் ஈ-டைப் காரை ஒட்டிச் செய்யும் மொடல் பெட்டி ஒன்றை, "புதியது, பிரிக்கப்படாதது" என்ற இணைய விளம்பரத்தை நம்பி வாங்கினேன். பிரித்தபோது முன்கண்ணாடி இல்லை. ஒட்டுப்படத் தாளும் மஞ்சள் பூத்திருந்தது. பெட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் விற்றவர். – கொக்குவில் வாசகர்

பதில்: திறக்காமல் உள்ளே கண்ணாடி இல்லை என்பதை நீங்கள் அறிந்திருக்க வழியே இல்லை. அவர் சொல்வது நியாயமன்று. பிழை உங்களுடையதும் அன்று. விளம்பரத்தின் படம், உங்கள் இருவருக்குமிடையிலான செய்திகள், பணம் அனுப்பிய சான்று ஆகியவற்றை இன்றே சேமித்துவிடுங்கள், ஏனெனில் அவர் விளம்பரத்தை நீக்கிவிட்டால் "புதியது" என்று சொன்னதற்கு உங்களிடம் ஆதாரம் எதுவும் மிஞ்சாது. அவர் இதை வணிகமாகச் செய்பவராயின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும். முதலில் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். ஆனால் அந்த அழைப்போடு நின்றுவிடவேண்டாம்.

மஞ்சள் பூத்த தாளைக் காப்பாற்ற முடியும். அதை ஒளி புகும் பையிலிட்டு, வெயில் படும் யன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டி வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். பழைய படங்கள் நீரில் போட்டதும் துண்டுதுண்டாக உடையக்கூடியவை. ஆதலால் ஊறவைக்குமுன் தாளின்மேல் நிறமற்ற வார்னிஷை மெல்லியதாக ஒருமுறை பூசிக் காயவிடுங்கள்.

"புதியது" என்ற இந்தச் சொல்லைப் பற்றி நெடுநாளாக எனக்கொரு மனக்குறை உண்டு. பெட்டியைச் சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்ரிக் உறையைக் கண்டதும் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்ததென்று நம்பிவிடுகிறோம். அந்த உறையைச் சூடாக்கி ஒட்டும் கருவி எந்தக் கடையிலும் இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்னர், இறக்கை போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகளைக் கொண்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல் மொடல் ஒன்றை, உறை கலையாதது என்ற ஒரே காரணத்துக்காக, கேட்ட விலையைக் கொடுத்துக் கொழும்பிலிருந்து வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தபோது நான்கு ரயர்களில் ஒன்று முன்கண்ணாடியின்மேல் சாய்ந்து கிடந்தது. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. இழுத்தபோது கண்ணாடியில் ரயரின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. ரயரை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் இரசாயனம் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்டைரீனை, அதாவது மொடல் பாகங்களின் பிளாஸ்ரிக்கை, இளக்கிவிடும். நீண்ட காலம் கிடந்த சரக்கைப் புதியதென்று எனக்கு விற்றிருந்தார்கள். அந்தக் காரை நான் இன்னும் முடிக்கவில்லை. ஆகவே உறையை நம்பாதீர்கள். பாகங்கள் பிணைந்திருக்கும் சட்டகங்களை அவற்றிலுள்ள எழுத்துகளின் வரிசையில் அடுக்கி, கண்ணாடிகள், குரோம் பூசிய பாகங்கள், ரயர்கள், ஒட்டுப்படத் தாள் எல்லாம் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அதைச் செய்முறைத் தாளில் உள்ள பாக வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். படம் தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: மொடல் பெட்டிக்குள் பசையும் இல்லை, பெயின்ற்றும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: கேட்க முடியாது, அவை உள்ளே இல்லை என்பது அநேகமாக எல்லாப் பெட்டிகளின் பக்கவாட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும், அதை வாங்குமுன் வாசித்திருக்கவேண்டும்.

கேள்வி: 1/8 அளவு ஈ-டைப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் கண்ணாடி அலுமாரித் தட்டின் நீளம் 40 சென்ரிமீற்றர். வாங்கலாமா? – பருத்தித்துறை வாசகர்

பதில்: 1961இல் ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் கார் ஏறத்தாழ 4.45 மீற்றர் நீளமானது. எட்டால் வகுத்தால் 55 சென்ரிமீற்றரைத் தாண்டும். 1/12 என்றால் 37. 1/24 என்றால் 18.5. தட்டை அளந்த நீங்கள் இந்த வகுத்தலையும் செய்திருக்கலாம். இடமில்லாத பொருள் எவ்வளவு மலிவானாலும் நட்டம்.

கேள்வி: மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வாங்கிய ஸ்பிறேயை அடித்தேன். காரின் உடல் முழுவதும் சிலந்தி வலை போல வெடித்துவிட்டது. – மானிப்பாய் வாசகர்

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஏனெனில் அதே விதமான ஸ்பிறேயை விலை குறைவென்று வாங்கி நானும் ஒரு காரைக் கெடுத்திருக்கிறேன். உலோகத் தகட்டுக்கென்று செய்த பெயின்ற்றின் கரைப்பான் வெறும் பொலிஸ்டைரீனைத் தின்றுவிடும். நன்றாகக் காய்ந்தபின் 1000 இலக்க நீர் உப்புத்தாளால் சமப்படுத்தி, மொடல்களுக்கான பிறைமரை (அடிப்பூச்சை) அடித்து, அதன்மேல் நிறத்தை மெல்லிய பல பூச்சுகளாக ஏற்றுங்கள். கார்த்திகை மழை நாட்களில் அடிக்கவேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, நிறம் பால் போல வெளிறிவிடும். சோளகம் வீசும் காலத்தில் புழுதிதான் பகை. அடித்த கையோடு ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள்.

கேள்வி: கனடாவிலுள்ள அக்கா மொடல் ஸ்பிறே ரின்களை வான் அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்கிறார். – சாவகச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எரியக்கூடிய அழுத்த ரின்களை வான் அஞ்சலில் அனுப்பத் தடை உண்டு.

கேள்வி: என்னுடைய ஈ-டைப் பெட்டியில் பொனற் திறக்கும். என்ஜினை அலங்கரிக்க விற்கும் உலோகப் பாகத் தொகுதி மொடலின் விலையைவிட அதிகம். வாங்கவேண்டுமா? – நல்லூர் வாசகர்

பதில்: முதல் மொடலுக்கு வேண்டாம். என்ஜினுக்கு உயிர் கொடுப்பவை தீப்பொறிக் கம்பிகள். 1961இல் அறிமுகமான அந்தக் காரில் ஆறு சிலிண்டர்கள், எனவே அவற்றுக்கு மின்னைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரிலிருந்து ஆறு கம்பிகளும், அதற்கு மின் தரும் கொயிலுக்கு ஒன்றும் தேவை. உண்மைக் கம்பியின் தடிப்பு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 1/24இல் அது 0.3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பழுதான இயர்போனை வெட்டினால் அந்த அளவுக்குக் கிட்டிய கம்பி உள்ளே கிடைக்கும். சக்கரங்களை ஒட்டுமுன், பசை படும் இடத்திலுள்ள குரோமைக் கத்தியால் சுரண்டி எடுங்கள், பசை குரோமின்மேல் பிடிக்காது. சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கிடையே நீர்த்த கறுப்புப் பெயின்ற்றை ஓடவிட்டால் அவை தனித்தனியே எடுத்துக் காட்டும். அந்தக் காரின் பொனற் மூக்கின் நுனியில் கீல் கொண்டு முன்புறமாகச் சாய்ந்து திறப்பது. கம்பிகளை நிலையாக ஒட்டுவதற்கு முன்னர் ஒருமுறை மூடிப் பாருங்கள், இடித்தால் அந்த நிலையில் இன்னும் வளைக்கலாம்.