கிகாயோன்: சுரையா, ஆமணக்கா?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் சனிக்கிழமை மாலைகளில் பெண்கள் கூடி வேதம் வாசிக்கிறோம். போன மாதம் யோனா புத்தகம். நாலாம் அதிகாரத்தில், நினிவேக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கும் யோனாவுக்கு நிழல் தர ஆண்டவர் முளைக்கச் செய்தது தமிழ் வேதாகமத்தில் ஆமணக்குச் செடி. என் மகள் கையிலிருந்த பழைய ஆங்கில வேதாகமத்தில் அது சுரைக்கொடி. இன்னொருவர் போனில் பார்த்தால் வெறும் செடி. எது சரி என்று ஒரு மணி நேரம் பேச்சு. கடைசியில் மூப்பர் வந்து, "வேதத்துக்கு வேதமே வியாக்கியானம், வெளியே தேடாதீர்கள்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு மனம் ஆறவில்லை. உரைகள் எல்லாம் மனிதர்கள் வேதத்தின்மேல் ஏற்றிவைத்த சுமைதானா? யூதர்களும் இதே புத்தகத்தை வைத்திருக்கிறார்களே, அவர்கள் இந்த இடத்தை எப்படி வாசிக்கிறார்கள்? அப்புறம், அது என்ன செடிதான்?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வகுப்பில் ஒரு மணி நேரத்தோடு முடிந்தது. 1,600 வருடங்களுக்கு முன்னால் வட ஆப்பிரிக்காவில் ஒரு சபை இதே செடிக்காக ஆராதனை நடுவிலேயே கொந்தளித்துவிட்டது. பிஷப்புக்குச் சபையே இல்லாமல் போகும் என்ற நிலை வந்தது. அதற்குப் போகும் முன் உங்கள் மூப்பர் சொன்னதைப் பார்த்துவிடுவோம்.

அந்த வாக்கியத்தை 1520இல் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதினார். போப்பின் அதிகாரத்துக்கு எதிராக எழுதியது, நல்ல விதிதான். விளங்காத வசனத்தை விளங்கும் வசனத்தால் திறக்கலாம். ஆனால் யோனாவின் செடிக்கு எபிரெயுவில் இருக்கும் சொல் 'கிகாயோன்'. எபிரெய வேதம் முழுக்கத் தேடினாலும் இந்த ஒரே அதிகாரத்தில் மட்டும்தான் அது வருகிறது. ஒத்துப்பார்க்க இன்னொரு வசனம் கிடையாது. அப்படியானால் வெளியே போய்த்தான் கேட்க வேண்டும்: தோட்டக்காரரிடம், வைத்தியரிடம், பக்கத்து வீட்டு யூதரிடம். லூத்தரும் சும்மா இருக்கவில்லை, 1526இல் யோனாவுக்கே தனியாக ஒரு விளக்கவுரை எழுதினார்.

கிறிஸ்துவுக்கு முன்பே எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், எழுபதின்மர் என்று நாம் சொல்கிறவர்கள், இந்த இடத்தில் சுரை என்று போட்டார்கள். பழைய லத்தீன் வேதம் கிரேக்கத்திலிருந்து வந்தது, அதனால் அதிலும் சுரை. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளிலும் கல்லில் செதுக்கிய சவப்பெட்டிகளிலும் யோனா சுரைப்பந்தலின் கீழ் கால் நீட்டிப் படுத்திருப்பார், மேலே காய்கள் தொங்கும். எழுத்தறியாதவருக்கும் யோனா என்றால் சுரை. பின்னால் வந்த கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களில் அக்கிலா எபிரெயச் சொல்லை அப்படியே விட்டுவிட்டார், சிம்மாக்கஸ் ஐவி என்று எழுதினார். ஐவி என்பது ஐரோப்பாவில் சுவரிலும் மரத்திலும் பற்றி ஏறும் ஒரு கொடி.

இந்த நிலையில்தான் ஜெரோம் வருகிறார். 386இல் பெத்லகேமில் குடியேறியவர், எபிரெயுவிலிருந்தே நேராக லத்தீனுக்குப் பெயர்க்கத் துணிந்தார். அதற்குக் குரு வேண்டுமே. பரனினாஸ் என்ற யூதர் ராத்திரியில் வந்து சொல்லிக்கொடுத்தார். சொந்த ஜனங்கள் பார்த்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். இயேசுவிடம் இரவில் வந்த நிக்கொதேமுவைப் போல எனக்கு ஒருவர் என்று ஜெரோம் பெருமையாகவே எழுதுகிறார். எத்தனை பாடு, எத்தனை பணம் என்றும் புலம்புகிறார். பழைய நண்பரும் பிற்பாடு எதிரியுமான ருஃபினஸ் அந்தப் பெயரைத் திரித்து, உன் குரு பரபாஸ்தானே என்று குத்தினார். பிலாத்து விடுதலை செய்த அதே பரபாஸ். யூதரிடம் படிப்பது அன்றைக்குக் கிறிஸ்தவர்கள் நடுவில் அவ்வளவு கெட்ட பெயர்.

ஜெரோமுக்குக் கிகாயோன் எது என்று தெரியும். பாலஸ்தீனத்தில் கண்ணால் பார்த்த செடி. மணற்பாங்கான இடத்தில் வளரும், இலை திராட்சை இலை மாதிரி அகலம், நிழல் அடர்த்தி. விதையைப் போட்டால் சில நாளிலேயே நேற்றுப் புல்லாக இருந்தது இன்று குறுமரமாக நிற்கும். கொம்பு நட்டுத் தாங்க வேண்டாம், சொந்தத் தண்டில் நிற்கும். நம் வயல் வரப்பில் ஆமணக்கைப் பார்த்தவர் யாரும் இதற்குமேல் சொல்லிவிட முடியாது. லத்தீனில் இதற்குப் பெயர் இல்லை என்று ஜெரோம் நினைத்தார். உண்மையில் அவருக்கு 300 வருடம் முன்பே ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்: நம்மவர்கள் இதை ரிசினஸ் என்கிறார்கள், விதை பார்க்க அப்படி இருப்பதால், என்று. ரிசினஸ் என்றால் உண்ணி. ஆமணக்குக் கொட்டையையும் நாயின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர் வைத்தவனின் கண்ணை மெச்சத் தோன்றும். தாவரவியலில் இன்றும் அந்தப் பெயர்தான்.

ஜெரோம் கடைசியில் எதைப் போட்டார் தெரியுமா? ஐவி. அது ஐவி இல்லை என்று நன்றாகத் தெரிந்தே போட்டார். எபிரெயச் சொல்லை அப்படியே விட்டால் இலக்கணப் பண்டிதர்கள் கையில் கிடைத்துவிடும், இந்தியாவின் மிருகம் என்றோ கிரேக்க நாட்டுப் பொயோத்தியாவின் மலை என்றோ இஷ்டத்துக்குக் கதை கட்டுவார்கள் என்று பயந்தேன் என்று உரையில் ஒப்புக்கொள்கிறார். நம் ஊர் மிருகங்களுக்கு அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு பெயர்! மொழிபெயர்ப்பில் சமரசம், உண்மை உரையில். மொழிபெயர்ப்பில் ஏற்ற முடியாததை இறக்கிவைக்க அவருக்கு உரை தேவைப்பட்டது. சுமை என்று கேட்டீர்களே, இந்த இடத்திலாவது அது சுமைதாங்கி.

அப்புறம் கலவரம். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் பிஷப்பாக இருந்த அகஸ்டின் 403இல் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இது வருகிறது. ஊர் ஓயா, இன்றைய லிபியாவின் திரிபோலி. அங்கே பிஷப் ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பை வாசிக்க வைத்தார். யோனாவில் ஒரு சொல், தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் பாடியும் நெஞ்சில் பதிந்ததற்கு மாறாகக் காதில் விழுந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், கிரேக்கர்கள் பொய் பொய் என்றார்கள். பிஷப் என்ன செய்தார்? ஊரிலிருந்த யூதர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். அவர்கள் எபிரெயப் பிரதியிலும் பழைய லத்தீனில் இருப்பதுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிஷப் திருத்திக்கொண்டு தப்பித்தார்.

யூதர்கள் அறியாமல் சொன்னார்களோ வேண்டுமென்றே சொன்னார்களோ என்று அகஸ்டின் சந்தேகப்படுகிறார். ஜெரோமோ, சுரைக்காய்க்காரர்களைக் கேலி செய்யத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்கிறார். எனக்கு இரண்டுமே நியாயமாகப் படவில்லை. ஏழெட்டு நூற்றாண்டு கழித்து, ஸ்பெயினில் பிறந்த யூத உரையாசிரியர் இப்ன் எஸ்ரா இந்த வசனத்துக்கு எழுதுகிறார்: ஸ்பெயினின் ஞானிகள் இதைச் சுரை என்கிறார்கள். அப்படியொரு கருத்து யூதர்களிடமே பிற்பாடும் இருந்திருக்கிறது. ஓயா யூதர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். சாட்சிக்குக் கூப்பிடுவது, சொன்னபிறகு பொய்யன் என்பது; இரண்டு சமயங்களின் உரை வரலாற்றில் இந்த வழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

சுரைக்கு ஆதரவானவர்களை ஜெரோம் விட்டுவைக்கவில்லை. ரோமில் ஒருவர் அவர்மேல் தெய்வநிந்தனைப் புகார் சொன்னார். சுரை போய் ஐவி வந்துவிட்டால் ஒளித்துவைத்துக் குடிக்க அவருக்குக் குடுக்கை கிடைக்காதே, அந்தக் கவலை என்று ஜெரோம் பதில் எழுதினார். சுரைக்குடுக்கை பார்த்தவர்களுக்கு நகைச்சுவை விளங்கும். ருஃபினஸின் பதிலடி இன்னும் கூர்மை: முன்னோர்களின் கல்லறைகளில் எழுதிவைப்போம், யோனாவுக்குக் கிடைத்தது சுரை நிழல் இல்லை ஐவி நிழல் என்று, வேறுவிதமாக வாசித்துவிட்டுச் செத்துப்போனவர்களும் தெரிந்துகொள்ளட்டும். 1514இல் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் செதுக்கிய 'அறையில் ஜெரோம்' படத்தில் கூரையிலிருந்து ஒரு பெரிய சுரைக்காய் தொங்குகிறது. இந்தச் சண்டையைத்தான் அது குறிக்கிறது என்று கலை வரலாற்றாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

405இல் அகஸ்டின் மறுபடி எழுதினார். அது சுரையும் இல்லை ஐவியும் இல்லை என்றாலும், எல்லா லத்தீன் வேதத்திலும் சுரை என்றே இருக்கட்டும் என்பது அவர் விருப்பம். எழுபதின்மர் காரணமில்லாமல் அப்படிப் போட்டிருக்க மாட்டார்களாம். செடியைப் பொறுத்தவரை நான் ஜெரோம் பக்கம். ஆனால் அகஸ்டினின் பயம் அற்பமானதில்லை. பாட்டாகக் காதில் ஏறிய வசனத்தை மாற்றும்போது என்ன ஆகும் என்று சபை நடத்துகிறவருக்குத் தெரியும், பெத்லகேமில் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஞானப்பாட்டில் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள், உங்கள் சபையிலேயே என்ன நடக்கிறதென்று.

சுமை என்று நான் ஒத்துக்கொள்வது இன்னொன்றை. சில வருடம் கழித்து அகஸ்டின் வேறொரு கடிதத்தில் யோனாவுக்கு உள்ளர்த்தம் சொல்கிறார். நிழல் தந்த சுரை பழைய உடன்படிக்கையின் வாக்குத்தத்தங்கள். அதை அரித்த புழு கிறிஸ்து. 'நானோ ஒரு புழு, மனுஷனல்ல' என்ற 22ஆம் சங்கீதம் ஆதாரம். சுரை காய்ந்ததுபோல் யூதர்களின் நிழலும் காய்ந்தது. வாசிக்க அழகான பின்னல்தான். ஆனால் நினிவேயின் மிருகஜீவன்களுக்குக்கூட இரங்கும் ஒரு கதையை எடுத்து, ஒரு ஜனத்தின்மேல் தீர்ப்பாக்குவது என்னால் ஜீரணிக்க முடியாதது. பின்னால் வந்த உரைகள் பலவற்றில் யோனா பொறாமை பிடித்த யூதனாகவே நிற்கிறான்.

யூதர்கள் யோனாவை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். மெகில்தா என்ற பழைய உரை மூன்று தீர்க்கதரிசிகளை நிறுத்துப் பார்க்கிறது. எரேமியா தகப்பனின் மானத்தையும் பிள்ளையின் மானத்தையும் கேட்டான். எலியா தகப்பனுக்காக மட்டும் கேட்டான். யோனா பிள்ளைக்காக மட்டும். தகப்பன் கடவுள், பிள்ளை இஸ்ரவேல். புறஜாதியார் சீக்கிரம் மனந்திரும்பிவிடுவார்கள், நினிவே திரும்பினால் திரும்பாத இஸ்ரவேலுக்குக் குற்றமாகும், அதனால்தான் கப்பல் ஏறி ஓடினான். உரை அவனை மெச்சவில்லை, ஆனால் பொறாமைக்காரனாகவும் ஆக்கவில்லை. பிள்ளைமேல் பிரியம் வைத்துத் தகப்பனிடம் தவறியவன். யோம் கிப்பூர் உபவாச நாளின் பிற்பகலில், பசியும் களைப்புமாக ஜெப ஆலயத்தில் இருக்கும்போது இந்தப் புத்தகத்தை முழுதும் வாசிக்கிறார்கள். அங்கே நினிவே மக்கள் யார் என்றால் வாசிக்கிறவர்கள்தான்.

செடி விஷயத்தில் அவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. பிரான்சின் துரோவாவில் வாழ்ந்த ராஷி (1040–1105) எழுதியது ஒரே வரி: பல கிளைகளோடு உயர்ந்து வளர்ந்து நிழல் தரும் ஒரு பூண்டு, அதன் பெயர் இது. நான் சொன்ன இப்ன் எஸ்ராவோ சுரை என்ற கருத்தைக் குறித்துவிட்டு, அது இன்னதென்று தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். ஆயிரம் பக்கச் சண்டைக்குப் பிறகு இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன்.

உங்கள் வேதாகமத்தின் 'ஆமணக்கு' என் பார்வையில் நல்ல தேர்வு. அதற்கு மிகப் பழைய யூதச் சாட்சி கிடைப்பது யோனாவைப் பற்றிய இடத்திலேயே இல்லை, யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில், விளக்கைப் பற்றிய பேச்சில். ஓய்வுநாள் விளக்கை எந்த எண்ணெயில் ஏற்றலாம் என்று பேச்சு. கீக் எண்ணெய் ஆகாது என்று பழைய சட்டம். கீக் என்றால் என்ன? சாமுவேல் என்பவர் கடலோடிகளிடம் விசாரித்திருக்கிறார், கடற்கரை ஊர்களில் அப்படி ஒரு பறவை உண்டாம். இன்னொருவர் பருத்தி விதை எண்ணெய் என்றார். ரேஷ் லாக்கிஷ் என்ற ரபி, யோனாவின் கிகாயோன் என்றார். மூன்றில் எதையும் அடிக்கவில்லை, வரிசையாக வைத்துவிட்டார்கள். உடனே ரப்பா பார் பார் ஹனா என்ற இன்னொரு ரபி எழுந்து, நான் அதைப் பார்த்திருக்கிறேன் என்கிறார். இவர் தல்மூதில் பெரிய சரடு விடுகிறவர். ஒரு மீனின் முதுகைத் தீவு என்று நினைத்து இறங்கிச் சமைத்தோம் என்று சொன்ன ஆள். ஆனால் இந்த இடத்தில் கறாராகப் பேசுகிறார்: வாய்க்கால் ஓரம் வளரும், கடை வாசலில் நிழலுக்கு வளர்ப்பார்கள், விதையில் எண்ணெய் எடுப்பார்கள், தேசத்து நோயாளிகள் எல்லாம் அதன் கிளைகளின் கீழ் இளைப்பாறுவார்கள்.

ஓய்வுநாள் விளக்குக்கு ஆகாது என்று அவர்கள் தள்ளிய அந்த எண்ணெய்க்கு நம் ஊரில் என்ன பெயர் என்று அடுத்த சனிக்கிழமை மூப்பரிடம் கேளுங்கள். அவர் வீட்டு அலமாரியில் விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் நிச்சயம் இருக்கும்.