ஊரில் நெட் எடுக்கவில்லையா? டிஷ் வாங்கும் முன் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. வேலை சென்னையில், அப்பா அம்மாவும் நிலமும் ஊரில். அங்கே செல்போனில் ஒரே ஒரு கோடு, அதுவும் மொட்டைமாடிக்குப் போனால்தான். 'சாட்டிலைட் நெட் வந்துவிட்டதாமே, வாங்கிப் போட்டுவிடலாமா சார்?' சாட்டிலைட் என்பது வேறு எதுவும் கிடைக்காத இடத்துக்கான கடைசி வழி என்பதுதான் என் கருத்து. கடைசியாகப் பார்க்க வேண்டியதை முதலில் வாங்க வேண்டாம். இனி ஒவ்வொன்றாக.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் சாட்டிலைட் நெட்டான ஸ்டார்லிங்க்குக்குக் கருவி 34,000 ரூபாய், மாதம் 8,600 ரூபாய் என்று வாட்ஸப்பில் வந்தது. கல்வராயன் மலையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இப்போதே பணம் கட்டலாமா? (சேலையூர் வாசகி)

கட்ட வேண்டாம். அந்த எண்களை யாரும் இட்டுக்கட்டவில்லை. 2025 டிசம்பரில் ஸ்டார்லிங்க்கின் இந்திய இணையதளத்தில் கொஞ்ச நேரம் தெரிந்தவைதான். ஆனால் அது சோதனைக்குப் போட்டுவைத்த தகவல், தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டது, இந்திய விலையை இன்னும் அறிவிக்கவே இல்லை என்று அந்த நிறுவனமே உடனே மறுத்துவிட்டது. மறுப்பு மட்டும் வாட்ஸப்பில் சுற்றவில்லை, வழக்கம்போல.

தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் 2025 ஜூனில் கிடைத்தது. விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்ஸ்பேஸின் அனுமதி ஜூலையில் வந்தது. அப்படியும் அந்த வருடம் முடியும்வரை இங்கே வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கவில்லை. உரிமத்துக்குப் பிறகு அலைக்கற்றை ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கான கட்டணம் முடிவாக வேண்டும், பாதுகாப்புச் சோதனைகளில் தேற வேண்டும். போட்டி சாட்டிலைட் நெட் நிறுவனங்களான யூடெல்சாட் ஒன்வெப்பும் ஜியோ-எஸ்இஎஸ் கூட்டணியும் ஸ்டார்லிங்க்குக்கு முன்பே உரிமம் வாங்கி இதே வரிசையில் நின்றவை. இத்தனைக்கும் ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்கள் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் மேலே போயின.

முன்பணத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2021இல் ஸ்டார்லிங்க் இங்கே உரிமம் இல்லாமலே 99 டாலர் வாங்கி முன்பதிவு நடத்தியது. இவர்களிடம் உரிமம் இல்லை, பணம் கட்டாதீர்கள் என்று அரசு மக்களுக்கே அறிவிப்பு கொடுத்தது. கடைசியில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் கதையே அப்படி என்றால், 'நான் ஏஜென்ட், முன்பணத்தை ஜிபேயில் போடுங்க' என்று போனில் பேசுகிறவரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? 2025 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் ஸ்பேஸ்எக்ஸுடன் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சேவை வந்தால் அவர்கள் கடையிலேயே விசாரிக்கலாம்.

மலேசியாவில் இருக்கும் சித்தப்பா பொங்கலுக்கு வரும்போது அங்கிருந்தே ஒரு ஸ்டார்லிங்க் செட் கொண்டு வருகிறேன் என்கிறார். (அம்பத்தூர்)

அன்போடு மறுத்துவிடுங்கள். அது வெறும் ஆன்டெனா இல்லை, வானத்துக்கு அலை அனுப்பும் வயர்லெஸ் கருவி. அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல். மீறிக் கொண்டுவந்தாலும் பயனில்லை. தரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அனுமதி உள்ள கட்டங்களுக்கு மட்டும்தான் சேவையைத் திறந்துவிடுகிறார்கள். இலங்கையில் 2025இல் ஸ்டார்லிங்க் தொடங்கிவிட்டது. அதற்காகத் தலைமன்னாரில் கிடைப்பது தனுஷ்கோடியில் கிடைத்துவிடாது.

உத்திரமேரூர் பக்கம் பத்து கிலோமீட்டர் உள்ளே எங்கள் தோட்ட வீடு. வீட்டுக்குள் சிக்னல் இல்லை. சாட்டிலைட்டைத் தவிர வழி இல்லைதானே? (குரோம்பேட்டை)

இருக்கிறது. அதுவும் மூன்று. முதல் வழி செல்போன் சிக்னலேதான். உங்கள் கடிதத்திலேயே 'வீட்டுக்குள்' என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். கான்கிரீட் கூரைக்கு அடியில் எடுக்காத சிக்னல், இருபது அடி உயரக் குழாயின் உச்சியில் நன்றாகவே எடுக்கலாம்.

முதலில் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், வி என்று நான்கு சிம்மையும் கையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். கோடுகளை எண்ண வேண்டாம். அதை நம்ப முடியாது. போனின் செட்டிங்ஸில் சிம் நிலவரம் என்ற இடத்தில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 85 என்றால் அருமை. மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 115ஐத் தாண்டினால் கஷ்டம். ஒவ்வொரு சிம்முக்கும் காலையிலும் இரவு எட்டு மணிக்கும் வேகத்தைச் சோதித்து எழுதி வையுங்கள், ஏனென்றால் இரவில் ஊரே அந்த ஒரு டவரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பிஎஸ்என்எல்லை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம். அவர்களுடைய 4ஜி 700 மெகாஹெர்ட்ஸ் என்ற குறைந்த அதிர்வெண்ணிலும் ஓடுகிறது. அதிர்வெண் குறையக் குறைய அலை தூரமாகப் போகும்.

எந்த சிம் தேறுகிறதோ, அதைப் போட வெளிப்புற 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்குங்கள். மழை, வெயில் தாங்கும் பெட்டிக்குள் ஆன்டெனாவும் ரவுட்டரும் சேர்ந்தே இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால், ரவுட்டரை வீட்டுக்குள் வைத்து ஆன்டெனாவை மட்டும் மேலே கட்டி நீளமான கேபிள் போடலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலே பிடித்த சிக்னலில் பெரும்பகுதியை அந்த கேபிளே தின்றுவிடும். ரவுட்டரே மேலே இருக்கட்டும். கீழே இறங்குவது லேன் ஒயராக இருக்கட்டும். அதில் நூறு மீட்டர் வரை இழப்பே கிடையாது, கரண்டும் அதே ஒயரில் மேலே போய்விடும். இரும்புக் குழாயைக் கட்டாயம் எர்த் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு வயல்வெளியில் உயரமாக நிற்பது அது ஒன்றுதான்.

அங்கேயே பூஸ்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள், அதைத் தொடவே வேண்டாம். செல்போன் நிறுவனங்களைத் தவிர மற்றவர்கள் அதைப் பொருத்துவது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டில் நான்கு கோடு காட்டும். சுற்றுவட்டாரத்தில் மற்றவர்களுக்கு அழைப்பு அறுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது வழி ஃபைபர். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. இலக்கு 12,525 ஊராட்சிகள். கேபிள் உங்கள் ஊராட்சி அலுவலகம்வரை வந்திருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். கேபிள் டிவிக்காரரிடமும் கேளுங்கள். பல ஊர்களில் நெட் கொடுப்பவரும் அவர்தான், எந்தத் தெருவரை ஃபைபர் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஊர்வரை ஃபைபர் வந்து தோட்டம்வரை வரவில்லை என்றால் மூன்றாவது வழி. 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கருவிகள் இரண்டை எதிரெதிரே பார்த்தபடி கட்டுவது. சில கிலோமீட்டர் சுலபமாகத் தாண்டும், அந்த அலைவரிசைக்குத் தனி உரிமமும் தேவையில்லை. ஒரே நிபந்தனை: ஒரு முனையில் நின்றால் மறு முனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு மாந்தோப்பு இருந்தால், அதுவும் மழையில் நனைந்த தோப்பு என்றால், கதை முடிந்தது. இதை உங்கள் நெட் கொடுப்பவர் மூலமே செய்துகொள்ளுங்கள். அப்படியே அக்கம்பக்கத்துக்கும் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கலாமே என்று தோன்றும். அதற்கு உரிமம் வேண்டும்.

இந்த மூன்றும் கைவிட்ட பிறகு சாட்டிலைட்டைப் பற்றிப் பேசுவோம்.

ஓஎம்ஆரில் ஐடி கம்பெனி, வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. ஜவ்வாது மலையில் இருந்துகொண்டே வேலை பார்க்க ஆசை. ஏடிஎம் கூரையில் இருக்கும் டிஷ் போல ஒன்று கிடைக்குமாமே? (பெரும்பாக்கம்)

ஏடிஎம் மேலே நீங்கள் பார்ப்பது விசாட். இந்தியாவில் பல வருடமாக இருக்கும் சாட்டிலைட் இணைப்பு அதுதான். இஸ்ரோவின் ஜிசாட்-11, ஜிசாட்-29 செயற்கைக்கோள்களை வைத்து ஹியூஸ் நிறுவனம் 2022 முதல் வேகமான சேவையும் தருகிறது. வங்கி, பெட்ரோல் பங்க் மாதிரி இடங்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். நீங்களும் விலை கேட்கலாம். ஆனால் உங்கள் வேலைக்கு அது சரிப்படாது.

காரணம் தூரம். இந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். பதிலும் அதேபோல மேலே ஏறி இறங்க வேண்டும். மொத்தம் சுமார் 1,44,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும், எந்தக் கம்பெனியாலும் அதைக் குறைக்க முடியாது. யூடியூப் பார்க்க அரை நொடி ஒரு பொருட்டே இல்லை. வீடியோ மீட்டிங்கில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இரண்டு பேரும் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க' என்பதிலேயே பாதி நேரம் போகும்.

உங்களுக்குக் கூடுதல் தொல்லை, கம்பெனி நெட்வொர்க்கோடு பூட்டுப் போட்ட வழியில் இணைக்கும் விபிஎன். இந்தத் தாமதத்தை மறைக்க சாட்டிலைட் மோடம் ஒரு தந்திரம் செய்கிறது. மறுமுனையிலிருந்து வர வேண்டிய ஒப்புதலைத் தானே முன்கூட்டி கொடுத்து, தரவைத் தொடர்ந்து ஓடவிடும். அதற்கு மோடம் உள்ளே பார்த்தாக வேண்டும். விபிஎன் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதால் தந்திரம் வேலை செய்யாது. திட்டத்தில் நல்ல வேகம் என்று போட்டிருக்கும், உங்கள் கம்பெனிப் பக்கம் மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும்.

சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் வகையில் இந்தப் பிரச்சினை இல்லை. அதனால் மலைக்குக் குடிபோகும் யோசனையை, அந்தச் சேவை அங்கே நிஜமாகவே ஓடும்வரை தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் பழைய டிடிஎச் டிஷ் சும்மா கிடக்கிறது. அதையே நெட்டுக்குத் திருப்ப முடியுமா? (பெயர் போடவில்லை)

முடியாது. அது வாங்க மட்டும்தான் செய்யும், திருப்பி அனுப்பத் தெரியாது.

எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னை. டிஷ்ஷுக்கு மறைக்குமா? (திருப்போரூர் அருகே)

எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஜிசாட்-11 மாதிரி ஒரே இடத்தில் நிற்பவற்றுக்கு நம் ஊர் கொடுத்துவைத்த ஊர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது கிட்டத்தட்ட தலைக்கு மேலே, சென்னையிலிருந்து பார்த்தால் எழுபது டிகிரிக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. டிஷ் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓலை தொங்காவிட்டால் போதும். ஸ்டார்லிங்க் மாதிரி தாழ்வாகச் சுற்றும் வகைக்கோ வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு செயற்கைக்கோள் நகர்ந்துபோக இன்னொன்று வந்து கை மாறிக்கொண்டே இருக்கும், நடுவில் ஒரு மட்டை குறுக்கே வந்தால் சில நொடி அறுந்து திரும்ப வரும். பாட்டு கேட்பவருக்குத் தெரியாது, மீட்டிங்கில் இருப்பவருக்குத் தெரியும். மரத்தை வெட்ட வேண்டாம், கருவியை மாடிக்கு ஏற்றுங்கள்.

2023 மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் போன் இல்லாமல் தவித்தோம். நகரத்திலேயே அவசரத்துக்கு ஒரு சாட்டிலைட் இணைப்பு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமா? (வேளச்சேரி)

சேவை வந்தபின் யோசிக்கலாம், ஒரு குறையோடு. அப்போது கரண்ட் போய், டவர்களின் பேட்டரி தீர்ந்ததுதான் பல இடங்களில் பிரச்சினை. பக்கத்து டவரை நம்பாத இணைப்பு என்ற வகையில் சாட்டிலைட் கைகொடுக்கும். ஆனால் இவை பயன்படுத்தும் உயர் அதிர்வெண்களைக் கனமழை விழுங்கும். மழை கொட்டோ கொட்டென்று கொட்டும் நேரத்தில் இணைப்பு போய், விட்டதும் வரும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரும் தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். செலவும் கூடலாம்: நகர்ப்புற இணைப்பு ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு 500 ரூபாய் கூடுதலாக நிறுவனங்களிடம் வசூலிக்கலாம் என்று 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. கிராமத்துக்கு அந்தச் சுமை வேண்டாம் என்பது அதன் நோக்கம், நியாயம்தான்.

பம்ப்செட் அறையில் நான்கு கேமரா. சாட்டிலைட்டில் 24 மணி நேரமும் சென்னையிலிருந்து பார்க்க முடியுமா? (கொளத்தூர்)

ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் நாள் முழுக்க ஓடினால் 21 ஜிபிக்கு மேல். நான்குக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்தின் நியாயப் பயன்பாட்டு வரம்பும் தாங்காது. பதிவை அங்கேயே மெமரி கார்டில் வையுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் போனுக்குப் படம் வரட்டும். அதற்குச் சுமாரான 4ஜியே போதும்.

விசைப்படகில் பத்து நாள் தங்கல் போகிறோம். கடலில் நெட்டுக்கு என்ன வழி? (காசிமேடு)

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் முடிந்தது, அதனால் சாட்டிலைட்தான் வழி என்று நான் யோசிக்காமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நெட் என்பதை மறந்துவிட்டு, முதலில் செய்தி போக்குவரத்தைப் பாருங்கள். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இஸ்ரோவின் தொழில்நுட்பம். புயல் எச்சரிக்கை உங்களுக்கு வரும், ஆபத்து என்றால் நீங்களும் கரைக்குச் செய்தி அனுப்பலாம். உங்கள் படகுக்குப் பொருத்தியாயிற்றா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பேச வேண்டும் என்றால் பிஎஸ்என்எல் அனுமதியோடு தரும் சாட்டிலைட் போன் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்த துரையா என்ற சாட்டிலைட் போன் அனுமதியில்லாமல் படகில் இருந்து, கடலோரக் காவல்படை சோதனையில் அகப்பட்டால் மீனை விற்பதற்கு முன் வழக்குக்கு அலைய வேண்டியிருக்கும்.