கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகலாமா? - வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் கல்குவாரி வரப்போகிறது. ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்று பேப்பரில் அறிவிப்பு பார்த்தோம். என்ன பேசினாலும் முன்பே முடிவு செய்ததுதான் நடக்கும், புறக்கணித்துவிடுவோம் என்கிறார்கள் பெரியவர்கள். எது சரி?
- வாசகர், அணைக்கட்டு

போங்கள். நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடக்கும். இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற குறைவெண் இதற்குக் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் ‘கூட்டம் நடந்தது’ என்றுதான் பதிவாகும்.

இது ஓட்டெடுப்பு அல்ல என்பதையும் ஊரில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஆயிரம் பேர் கை தூக்கி ‘வேண்டாம்’ என்றாலும் அந்த எண்ணிக்கையே அனுமதியை நிறுத்திவிடாது. அனுமதியை முடிவு செய்வது சென்னையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். அவர்கள் கைக்குப் போவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் வீடியோவும்தான். உங்கள் பேச்சு அந்தக் குறிப்பில் எப்படி ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டு வெளியேறினால் ‘பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். ‘உரிய பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று குவாரிக்காரர் அதற்கு எழுதும் பதிலும் ஒற்றை வரிதான்.

மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் வரைவும் அதன் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்கும். முதல் வாரத்திலேயே போய்ப் படியுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள். தமிழ்ச் சுருக்கத்தில் பல விவரங்கள் விடுபட்டுப் போகும்.

முதலில் தூரத்தைப் பாருங்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது. வி.ஏ.ஓ. சான்றில் ‘300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை’ என்று இருக்கிறதா? அப்படியானால் புல எண் வரைபடத்தை வைத்துக் கொல்லை வீடுகளையும் புதிதாகக் கட்டிய வீடுகளையும் சரிபாருங்கள். சான்று எழுதும்போது விட்டுப்போவது பெரும்பாலும் இவைதான்.

அடுத்தது பக்கத்துக் குவாரிகள். 5 ஹெக்டேர் வரையுள்ள தனிக் குவாரிக்குக் கருத்துக் கேட்பே கிடையாது. 500 மீட்டர் இடைவெளிக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால்தான் இந்தக் கூட்டம் வரும். அறிக்கையில் அந்தப் பட்டியல் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த குவாரி ஏதாவது அதில் இல்லையென்றால், தூசி, வெடி, லாரி நடை எல்லாவற்றின் கணக்கும் குறைத்தே போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது கிணறு. குவாரி எத்தனை மீட்டர் ஆழம் வெட்டப் போகிறது, நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்ற இரண்டு எண்களும் அறிக்கையில் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு உங்கள் கிணற்றுக்கு வாருங்கள். மோட்டார் ஓடாத விடியற்காலையில், நுனியில் கல் கட்டிய கயிற்றை இறக்குங்கள். கல் தண்ணீரைத் தொட்டதும் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிற்றில் முடிச்சுப் போட்டு, கல்லிலிருந்து முடிச்சு வரை டேப்பால் அளங்கள். கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்துவிட வேண்டும். தேதி, புல எண், அளவு மூன்றையும் எழுதுங்கள். ஐந்தாறு கிணறுகளின் அளவு இருந்தால் போதும். அறிக்கை 20 மீட்டர் என்று சொல்லி உங்கள் கிணறுகள் 11 மீட்டர் காட்டினால், குவாரிக்காரர் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கூட்டத்தில் ஆளுக்கொரு விஷயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தூரத்தை ஒருவர், கிணற்றை ஒருவர், பள்ளிக்கூட வழியில் லாரி போவதை ஒருவர், வெடியால் சுவர் விரிவதை ஒருவர் பேசட்டும். பெயர், ஊர் சொல்லித் தொடங்கி இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். அதையே எழுதியும் கொடுத்து, இன்னொரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பேச முடியாதவர்கள் கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

கடைசிவரை இருந்தே ஆக வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டும் என்பது விதி. விட்டுப்போனதை அப்போதே எழுந்து சொல்லிச் சேர்க்க வைக்கலாம். பேசி முடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதால்தான் பல ஊர்களின் நியாயம் காகிதத்தில் ஏறாமல் போகிறது. இத்தனைக்கும் பிறகு அனுமதி கிடைத்துவிட்டால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அங்கேயும் முதலில் கேட்பது இந்தக் கூட்டக் குறிப்பைத்தான்.

கேள்வி: கிராம சபையில் குப்பை எரிப்பதை எதிர்த்துத் தீர்மானம் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மதிப்பே இல்லையா?
- வாசகி, கே.வி.குப்பம்

மதிப்பு உண்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருந்தால். வாய்மொழியாகப் பேசி எல்லோரும் ‘ஆமாம்’ சொன்னது தீர்மானம் ஆகாது. 501 முதல் 3,000 பேர் வரையுள்ள ஊராட்சியில் 100 பேர் வந்திருக்க வேண்டும். 10,000 வரை 200 பேர். வருகைக் கையெழுத்து குறைந்தால் தீர்மானம் அடிபட்டுப் போகும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தீர்மான நகலைக் கேளுங்கள், 30 நாளில் தர வேண்டும். நகல் கிடைத்தால் அதை வைத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுக் கொடுங்கள். தீர்மானமே பதிவாகவில்லை என்று தெரிந்தால், அடுத்த சபைக்கான பொருளை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: தோல் தொழிற்சாலைப் பகுதியில் இருக்கிறோம். டி.டி.எஸ். மீட்டர் 1,900 காட்டுகிறது. இதை வைத்து இழப்பீடு கேட்க முடியுமா?
- வாசகர், ஆம்பூர்

அந்த ஒரு எண் போதாது. கையில் வைத்துப் பார்க்கும் மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் தோராயமாகச் சொல்லும். குரோமியத்தைத் தனியாகக் காட்டாது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள், முதல் ஊறலில் அந்த உப்பு தண்ணீரில் இறங்குகிறது. குரோமியம் அதற்குப் பின்னால், பதனிடும் கட்டத்தில் வருகிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை. குரோமியத்துக்கு எல்லை 0.05 மில்லிகிராம்தான். தண்ணீர் பிடிக்கும் முன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். குளிர்பான பாட்டிலில் பிடிக்காதீர்கள். உலோகச் சோதனைக்கு அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று நிலைநாட்டியது நம் பாலாற்றுப் படுகைக்கான வழக்கில்தான். இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் சொன்னது. முந்தைய இழப்பீட்டுப் பட்டியலில் உங்கள் குடும்பம், சர்வே எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2019க்குப் பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். இன்னும் பலர் பழக்கத்தில் வேலூருக்கே மனு அனுப்புகிறார்கள், அது ஊர் சுற்றி வர மாதங்கள் ஆகிவிடுகின்றன. திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் திருப்பத்தூரிலேயே நேரில் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது. சோலார் போட்டால் 3 கிலோவாட்டா, 2 போதுமா? மானியம் நிஜமாக வருமா?
- வாசகி, சத்துவாச்சாரி

2 போதும். ஒரு கிலோவாட் நம் வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 480 யூனிட். முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், அதை உற்பத்தி செய்யப் பணம் போட வேண்டியதில்லை. 500ஐத் தாண்டும்போது கீழ்ப்படிகளின் கட்டணமும் ஏறுகிறதே, அந்த வலியும் தீரும். ஏ.சி. வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3 போடுங்கள்.

மத்திய அரசு மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000. வேலை முடிந்து, இருவழி மீட்டர் பொருத்தி, ஆய்வும் முடிந்த பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். நின்றுபோவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். மின் இணைப்பு இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருப்பது ஒன்று. பெயர் மாற்றத்தை விண்ணப்பத்துக்கு முன்பே முடியுங்கள். உள்நாட்டு சோலார் செல்லில் செய்த பேனலாக இல்லாதது இன்னொன்று. இதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு பேனலில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் இழுத்துவிடும். தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்த விடாதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும், அக்னி நட்சத்திரத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். அடியில் காற்றோட வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது, பழுது என்று ஆளைக் கூப்பிடாதீர்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் கழுவுங்கள். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காய விட்டால் வெள்ளைப் படிவம் ஒட்டிக்கொள்ளும், பிறகு துணியால் தேய்த்தாலும் போகாது. மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஒரு பக்கெட் எடுத்துக் கடைசியாக ஊற்றி, ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள்.